நாயின் தோலில் ஆறாத புண்: மணல் ஈ நோய் என்று அஞ்சுமுன்

மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நாய்க்கு ஐந்து வயது. காது மடல் ஓரத்தில் வெண்செதில் உதிர்கிறது. கண்ணைச் சுற்றி முடி கொட்டிவிட்டது. முழங்கையில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் கிடக்கிறது. மகன் பொலன்னறுவைப் பக்கம் வயல் வேலைக்குப் போனபோது நாயும் கூடவே போய், ஒரு போகம் முழுக்க அங்கே நின்று வந்ததாம். அயலவர் ஒருவர் கைப்பேசியில் படங்களைப் பார்த்துவிட்டு, "இது மணல் ஈ நோய், பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும், எங்கேயாவது கொண்டுபோய் விட்டிடுங்கோ" என்கிறாராம். இன்னொருவர் கழிவு ஓயில் பூசினால் போதும் என்கிறாராம். இரண்டில் எதைச் செய்வது என்று கேட்கிறார்.

இரண்டையும் செய்ய வேண்டாம், அம்மா. லீஷ்மேனியாசிஸ் (மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோய்) நாயைத் தொடுவதாலோ, அது நக்குவதாலோ, அதன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதாலோ மனிதருக்கு வருவதில்லை. இடையில் ஒரு மணல் ஈ வேண்டும். அதோடு, நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை மட்டும் வைத்து இது அந்த நோய்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இதே செதிலும் இதே முடியுதிர்வும் மட்டக்களப்பு நாய்களுக்கு வேறு காரணங்களால்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆனாலும் நாய் நின்றுவந்த இடத்தை எண்ணும்போது, இந்தச் சந்தேகத்தைப் பரிசோதிக்காமல் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. தோலுக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கினால், எதைச் செய்யலாம், எதைச் செய்தால் நாய் கெட்டுப்போகும் என்பதும் விளங்கிவிடும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கைக்குள்ளேயே தொற்றிய முதலாவது மனித நோயாளர் 1992இல் தெற்கில் பதிவானார். 2001க்குப் பின் எண்ணிக்கை வேகமாக ஏறியது. வடக்கில் காட்டோரங்களில் பணியிலிருந்த படையினர் பலர் அப்போது பாதிக்கப்பட்டனர். 2008இல் இது சுகாதாரத் திணைக்களத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், ஹம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் நோயாளர் அதிகம். மட்டக்களப்பு அந்த வரிசையில் இல்லை. ஆனால் பொலன்னறுவை நமக்கு எல்லை மாவட்டம். வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் மரம் வெட்டவும் படுவான்கரையைத் தாண்டிப் போய்வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இங்கே நோயை உண்டாக்குவது லீஷ்மேனியா டொனொவானி என்ற ஒட்டுண்ணி. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ள்ஸ் டொனொவன், நோயாளர் ஒருவரின் மண்ணீரலில் இதைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மனும் இதை விவரித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து ரொனால்ட் ரொஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். பீகாரில் மண்ணீரலையும் ஈரலையும் வீங்கவைக்கும் காலா அசாரைக் கொண்டுவருவது இதே இனம்தான். இலங்கையில் மட்டும் இது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. நாய்க்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது வேறோர் இடத்தில். 1908இல் தூனிஸ் நகரில் சார்ள்ஸ் நிக்கோல் நாய்களில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் பிரேசிலிலும் லீஷ்மேனியா இன்பான்டம் என்ற இன்னோர் இனம் பரவுகிறது. அங்கே நாய்தான் அதன் முக்கிய தேக்கம் (கிருமி தங்கியிருந்து பரவும் உயிர்). உங்கள் அயலவர் கைப்பேசியில் பார்த்த படங்கள் பெரும்பாலும் அந்த நாடுகளின் நாய்களாகவே இருக்கும். நம் நாட்டிலும் சில நாய்களில் ஒட்டுண்ணிக்கான சான்று கிடைத்திருக்கிறது. ஆனால் இங்கே மனிதருக்குத் தொற்று நாயிடமிருந்துதான் வருகிறது என்று நிறுவப்படவில்லை. அங்குள்ள பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்துவிட்டு ஒரு வீட்டு நாயைத் தெருவில் விடுவது நியாயமே இல்லை. விட்டால் அது கட்டாக்காலியாகி, விசர்நாய்த் தடுப்பூசியும் தவறி, ஊருக்கு உண்மையான வேறோர் ஆபத்தாகிவிடும்.

இனித் தோலுக்கு வருவோம். மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம்தான், நுளம்பைவிடச் சிறியது. உட்காரும்போது சிறகுகளை மேல்நோக்கி விரித்தபடி உட்காரும். சத்தமே இல்லாமல் வந்து கடிக்கும். முடி குறைந்த இடங்களைத் தேடும்: மூக்கின் மேற்புறம், காதின் உட்பக்கம், கண்ணிமை, அடிவயிறு. நுளம்பு ஊசி போல இரத்தக்குழாயைத் தேடிக் குத்தும். மணல் ஈயோ தோலைக் கீறி, நுண்குழாய்களைக் கிழித்து, ஊறிவரும் இரத்தத்தைக் குடிக்கும். அதன் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருட்கள் இருக்கின்றன. அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பைச் சிறிது நேரம் மந்தப்படுத்தும் பொருட்களும் இருக்கின்றன. ஒட்டுண்ணி இறங்குவது இந்த மந்தமான நேரத்தில்தான்.

கீறல் விழுந்ததும் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில்கள் (காயத்துக்கு முந்தி வரும் வெண்குருதிக் கலங்கள்). அவை ஒட்டுண்ணியை விழுங்கும். ஆனால் எல்லாவற்றையும் கொல்லாது. அடுத்துப் பெருவிழுங்கிகள் (கிருமியை விழுங்கிச் செரிக்கும் பெரிய கலங்கள்) வரும். மற்றக் கிருமிகள் அங்கே செரித்துப்போகும். லீஷ்மேனியா அதற்குள் நுழைந்ததும் தன் வாலை உதறிவிட்டு, உருண்டு, அங்கேயே பெருகத் தொடங்கும். தன்னைக் கொல்ல வேண்டிய கலத்தையே வீடாக்கிக்கொள்வதுதான் இதன் தந்திரம். இந்த நோயின் மற்ற எல்லாச் சிக்கல்களும் இந்த ஓரிடத்திலிருந்து கிளைப்பவை.

இதற்குப் பிறகு நாய்க்கு நாய் வேறுபடும். சில நாய்களில் ரி-கலங்கள் (எதிர்ப்பை வழிநடத்தும் வெண்குருதிக் கலங்கள்) சரியான உத்தரவைக் கொடுக்கின்றன. இன்ரர்பெரோன் காமா (கலத்துக்குக் கலம் செய்தி கொண்டுசெல்லும் புரதம்) பெருவிழுங்கியைத் தட்டி எழுப்பும். எழுந்த பெருவிழுங்கி நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கித் தனக்குள்ளிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும். அப்படிப்பட்ட நாயின் தோலில் கடிபட்ட இடங்களில் சிறு பருக்கள் மட்டும் எழும். அடிவயிற்றிலோ காதுக்குள்ளோ நாலைந்து சிவந்த புடைப்புகள். அதைக் கீறிப் பார்த்தால் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும். சில மாதங்களில் பல தானாகவே ஆறிவிடும். தொற்றிய நாய்கள் பல, நோய்வாய்ப்படாமலே காலம் தள்ளுவது இதனால்தான். இபீசா வேட்டைநாய்கள் மத்தியதரைத் தீவுகளில் பல தலைமுறையாக இந்த ஒட்டுண்ணியோடு வாழ்ந்தவை. அவை இவ்வகை எதிர்ப்பை நன்றாகக் காட்டுகின்றன. பொக்ஸர், ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்கள் எளிதில் நோய்ப்படுகின்றன.

மற்ற நாய்களில் உத்தரவு வேறு திசையில் போகிறது. உடல் பிறபொருளெதிரிகளை (கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் இரத்தப் புரதங்களை) அள்ளி அள்ளி உண்டாக்குகிறது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் ஒட்டுண்ணி கலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே மிதக்கும் பிறபொருளெதிரி அதைத் தொடவே முடியாது. அதே நேரம் இன்ரர்லூக்கின்-10 போன்ற அடக்கும் செய்திகள் கூடி, பெருவிழுங்கியை எழுப்பும் செய்தியை அமுக்கிவிடுகின்றன. நீண்டகாலம் தூண்டப்பட்ட ரி-கலங்களும் களைத்துச் செயலிழக்கின்றன. ஒட்டுண்ணி அந்தக் கடிவாயை விட்டுப் புறப்பட்டு, நிணநீர்க்கணு, எலும்பு மச்சை, மண்ணீரல், கடைசியில் உடலெங்குமுள்ள தோல் என்று பரவுகிறது. பார்வைக்கு நலமாகத் தெரியும் தோலிலும் அப்போது அது இருக்கும்.

நீங்கள் காணும் செதில் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ஒட்டுண்ணியைத் தேடிவந்த கலங்கள் முடிவேர்களையும் அவற்றோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளையும் சுற்றிக் குவியும். அந்த மோதலில் சுரப்பி அழியும். எண்ணெய் வற்றிய தோல் காய்ந்து, வெள்ளி நிறச் செதிலாக உதிரும். அது முதலில் தெரிவது பெரும்பாலும் முகத்திலும் காதிலும். பிறகே உடலுக்கு இறங்கும். முடிவேர் கெடுவதால் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டாற்போல் வழுக்கை விழும். பிறபொருளெதிரியும் கிருமித் துணுக்கும் கட்டியாகச் சேர்ந்து நுண்குழாய்ச் சுவர்களில் படிந்தால் இரத்தவோட்டம் தடைப்பட்டு, காது நுனி, முழங்கை, பாதம் ஆகியவற்றில் புண் வைக்கும். இன்னும் சில நாய்களில் தோலுக்கடியில் முடிச்சுகள் எழும். அவற்றில் ஒட்டுண்ணி நெருக்கமாக நிறைந்திருக்கும். நகம் இயல்புக்கு மீறி நீண்டு வளைவதும் ஓர் அடையாளம். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒட்டுண்ணி நேரடியாகச் செய்வதில்லை. நாயின் எதிர்ப்புச் சக்தி தவறான வழியில் போராடுவதால் வரும் சேதம் அது. பருவா, செதிலா, முடிச்சா, புண்ணா என்று பார்த்தே அந்தப் போராட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அனுபவமுள்ள வைத்தியர் ஓரளவு ஊகிப்பார்.

தோலைவிட நான் அஞ்சுவது சிறுநீரகத்தை. அதே கட்டிகள் சிறுநீரக வடிகட்டிகளிலும் படிகின்றன. முதலில் சிறுநீரில் புரதம் கசியும். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். லீஷ்மேனியாவால் இறக்கும் நாய்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டே இறக்கின்றன. ஆகவே தோலில் மட்டும் பார்வையை வைத்திருக்காதீர்கள். நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, மெலிகிறதா, மூக்கால் இரத்தம் வருகிறதா, கண் சிவந்து கூசுகிறதா, கழுத்திலும் பின்னங்கால் முழங்கால் மடிப்புக்குப் பின்னும் கணுக்கள் தடித்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். கடிபட்டதிலிருந்து இவை தென்பட மூன்று மாதமும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே பொலன்னறுவையிலிருந்து வந்து எவ்வளவு காலமாயிற்று என்பதை வைத்து மட்டும் இதை உறுதிப்படுத்தவோ ஒதுக்கவோ முடியாது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் வருத்தம் என்றதும் பாமசியில் பிரட்னிசலோன் குளிசையோ, வெண்ணிற ஸ்டீரொய்ட் கிறீமோ வாங்கிவந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. கொடுத்த மூன்றாம் நாள் சிவப்பு வாடும், நாய் உற்சாகமாகும், எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீரொய்ட் என்ன செய்கிறது? மேலே சொன்ன அந்த ரி-கலங்களின் உத்தரவையே அடக்குகிறது. லீஷ்மேனியா இருந்தால் அது தடையின்றிப் பரவும். மயிர்க்கால் பூச்சிச் சொறி இருந்தால் அதுவும் உடல் முழுதும் படரும். சில நோய்களில் நாங்களே ஸ்டீரொய்ட் கொடுக்கிறோம். ஆனால் என்ன நோய் என்று அறிந்த பிறகு, அளவோடு. அறியுமுன் கொடுப்பது நாயின் ஒரே ஆயுதத்தைப் பறிப்பதாகிவிடும்.

எனக்கு முதலில் வரும் சந்தேகம் சொறிதான். சார்கோப்டிஸ் (தோலுக்குள் சுரங்கம் தோண்டும் நுண்பூச்சி) காது ஓரம், முழங்கை, குதிகால் ஆகிய இடங்களைத்தான் பிடிக்கும். உங்கள் நாயின் காதும் முழங்கையும் அதே இடங்கள். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காது மடலின் விளிம்பை விரல்களுக்கிடையே பிடித்து மெதுவாகத் தேயுங்கள். நாயின் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் உதறினால் சொறியாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. சொறியில் அரிப்பு கடுமை. இரவில் நாயைத் தூங்கவிடாது. நாயோடு புழங்கும் வீட்டாருக்கும் வயிற்றிலும் கையிலும் சில நாள் அரிக்கும். லீஷ்மேனியாவில் பெரும்பாலும் அரிப்பே இருக்காது. உங்கள் கடிதத்தில் நாய் சொறிகிறதா என்று எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

டெமொடெக்ஸ் (மயிர்க்காலுக்குள் வாழும் நுண்பூச்சி) கண்ணைச் சுற்றியே முடியைக் கொட்டவைக்கும், தொடக்கத்தில் அரிக்காது. இது நாய்க்கு நாய் தொற்றுவதில்லை. குட்டிப் பருவத்தில் தாயிடமிருந்து வந்து, எதிர்ப்பு குறையும்போது பெருகுவது. ஐந்து வயதில் புதிதாக வந்தால், எதிர்ப்பைக் குறைத்த காரணம் வேறொன்று உள்ளே இருக்கிறதா என்றும் தேட வேண்டும். இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். கபில நிற நாய் உண்ணி ஏர்லிக்கியா என்ற கிருமியைக் கொண்டுவருகிறது. அது மெலிவு, மூக்கிரத்தம், கணு வீக்கம் என்று லீஷ்மேனியாவைப் போலவே வேடம் போடும். இரண்டும் சேர்ந்தும் வரும், அப்படி வந்தால் இரண்டுமே கடுமையாகும். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் திருவிழா முடிந்த கையோடு, மிஞ்சிய சாப்பாட்டுக்குக் கூடும் கட்டாக்காலி நாய்களோடு வீட்டு நாய்களும் கலந்து திரும்பும். அதன்பின் சில வாரங்கள் உண்ணியையும் சொறியையும் தேடிப் பார்ப்பது அமிர்தகழி வீடுகளுக்கு நல்ல பழக்கம்.

உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு நாயைக் கொண்டுபோங்கள். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தோலில் எதையும் பூசாதீர்கள், குளிப்பாட்டவும் வேண்டாம். பூசிய தோலில் எதையும் காண முடியாது. வைத்தியர் முதலில் தோலைச் சுரண்டி, நுணுக்குக்காட்டியில் பூச்சி தெரிகிறதா என்று பார்ப்பார். கொஞ்சம் இரத்தம் கசியும்வரை சுரண்டுவது தேவை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். லீஷ்மேனியாவைத் தேட, தடித்த கணுவிலிருந்தோ புண்ணின் விளிம்பிலிருந்தோ மெல்லிய ஊசியால் சிறிது எடுத்து, ஜிம்சா சாயமிட்டுப் பார்ப்பார்கள். பெருவிழுங்கிக்குள் உருண்டைகளாக ஒட்டுண்ணி தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெரியாவிட்டால் மரபணுப் பரிசோதனை உண்டு. அந்த வசதிக்கு மாதிரியைப் பேராதனை போன்ற இடங்களுக்கு அனுப்பலாமா என்று உங்கள் வைத்தியரே விசாரித்துச் சொல்வார்.

இரத்தத்தில் பிறபொருளெதிரியைப் பார்க்கும் பரிசோதனையின் முடிவைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "பொசிற்றிவ்" என்றால் நாய் ஒட்டுண்ணியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். நோய்ப்பட்டிருக்கிறது என்று அதிலிருந்து மட்டும் சொல்ல முடியாது. நல்ல எதிர்ப்புள்ள நாயிடம் பிறபொருளெதிரி குறைவாகவும், தோற்றுக்கொண்டிருக்கும் நாயிடம் மிக அதிகமாகவும் இருப்பது வழக்கம். அந்த அளவோடு சிறுநீரில் புரதம், இரத்தத்தில் அல்புமினும் குளோபுலினும், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே நோயின் கட்டம் முடிவாகும்.

லீஷ்மேனியா உறுதியானாலும் அது மரணத் தண்டனை ஆகாது. அலோபியூரினோல் குளிசையை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீண்டகாலம் கொடுப்பார்கள். ஒட்டுண்ணி பெருகுவதை அது தடுக்கும். மில்டிஃபோசின் அல்லது அன்டிமனி மருந்து நான்கு வாரமளவு சேர்ப்பதும் உண்டு. சில வாரங்களில் செதில் குறையும், முடி முளைக்கும். ஆனால் ஒட்டுண்ணி முற்றாக அழிவதில்லை. நாயின் எதிர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தி, ஒட்டுண்ணியை அடக்கி வைப்பதுதான் நடப்பது. ஆகவே புண் ஆறியதும் மருந்தை நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். அலோபியூரினோல் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல்லை உண்டாக்கும். மருந்து ஓடும் காலத்தில் சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மனிதருக்கென வைத்தியசாலையில் வைத்திருக்கும் ஊசி மருந்தை யாராவது அறிமுகத்தின் பேரில் எடுத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அளவு தவறிய சிகிச்சை, மருந்துக்கு அசையாத ஒட்டுண்ணியை வளர்த்துவிடும். அதன் விலையைப் பிறகு மனித நோயாளர் கொடுக்க நேரும்.

பரிசோதனை முடியும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சுத்தமான துணியால் புண்ணை நாளுக்கு இருமுறை ஒற்றித் துடையுங்கள். வலியுள்ள நாய் பழகியவரையும் கடிக்கும். முதலில் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள், பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் பெற்றோலும் பூச்சி உருண்டைத் தூளும் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புழு சாகலாம், பூச்சி உருண்டையின் நஞ்சு புண் வழியே இரத்தத்தில் சேரும், பெற்றோல் நல்ல தசையையும் எரிக்கும். கழிவு ஓயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூச்சி மூச்சுமுட்டிச் சாவதால் சில சொறி நாய்கள் தேறுவதைப் பார்த்தே இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அதில் ஈயமும் இயந்திரத்திலிருந்து கரைந்த உலோகங்களும் உண்டு. நாய் அதை நக்கி விழுங்கும். ஏற்கெனவே சிறுநீரகம் தளரும் நாய்க்கு அது இன்னொரு நஞ்சு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து நாயைக் கழுவுவதால் வலிப்பு வந்து இறந்த நாய்களைக் கால்நடை வைத்தியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரினை அளவு தெரியாமல் நாய்க்கு ஏற்றுவதும் அப்படித்தான்.

மணல் ஈயைத் தடுப்பது நுளம்பைத் தடுப்பதைப் போன்றதில்லை. டெங்குக்காகச் சிரட்டையையும் டயரையும் கவிழ்ப்பது நல்லது, ஆனால் மணல் ஈ தேங்கிய நீரில் முட்டையிடாது. மாட்டுச் சாணம் ஊறிய ஈரமண், அழுகும் சருகு, கோழிக்கூட்டின் அடி, பழைய பொச்சுக் குவியல், சுவர் வெடிப்பு ஆகியவை அதன் இடங்கள். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நாயைக் கட்டாதீர்கள். கருக்கலில் தொடங்கி விடியும்வரை அது கடிக்கும். அந்நேரம் நாயை உள்ளே படுக்கவிடுங்கள். மணல் ஈ பறப்பதில் பலவீனமானது, மின்விசிறிக் காற்றுக்கு முன் நிற்காது. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும். நெருக்கமான கண்ணுள்ள வலை தேவை. டெல்டாமெத்ரின் ஊறிய கழுத்துப்பட்டி மணல் ஈயை நாயிடம் அண்டவிடாது. ஈரானின் வடமேற்குக் கிராமங்களில் நாய்களுக்கு இந்தப் பட்டி கட்டியபோது அங்குள்ள பிள்ளைகளிடமும் தொற்று குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. நாய்களைக் கொன்று நோயை ஒழிக்கப் பிரேசில் பல்லாண்டு முயன்றது. அதனால் மனித நோய் குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. உண்ணிக்குக் கொடுக்கும் குளிசை கடித்த பிறகே பூச்சியைக் கொல்லும், கடியைத் தடுக்காது; கழுத்துப்பட்டியையும் குளிசையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால், நாயின் முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தை வாங்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். பூனைக்கு அது உயிர் பறிக்கும் நஞ்சு.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். நாயைப் பார்த்து அவர்களுக்கு மருந்து தேட வேண்டியதில்லை. முகத்திலோ கையிலோ காலிலோ வலியும் அரிப்பும் இல்லாத ஒரு பரு எழுந்து, மெல்லப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டி அல்லது புண்ணாகி, வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் மட்டும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பொலன்னறுவையில் நாயோடு தங்கியிருந்த உங்கள் மகனையும் இதே கண்ணால் பாருங்கள். அவரும் அதே இரவுகளில் அதே இடத்தில் படுத்தவர். புண்ணுக்குள் ஊசி மருந்து ஏற்றியோ, திரவ நைதரசனால் உறையவைத்தோ இதற்கு இங்கே சிகிச்சை செய்கிறார்கள், பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

வைத்தியரிடம் போகும்போது, நாய் எந்த மாதம் போய் எந்த மாதம் திரும்பியது, முதற்செதில் எப்போது தெரிந்தது, இதுவரை என்னென்ன பூசினீர்கள், என்ன குளிசை கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே பக்கத்திலிருந்து காதையும் முழங்கையையும் படமெடுத்து வையுங்கள். மருந்து வேலைசெய்கிறதா என்பதை நினைவைவிட அந்தப் படங்கள் சரியாகச் சொல்லும். சொறி என்று முடிவானால் அதற்கான மருந்தில் ஒரு மாதத்துக்குள் தெளிவான மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், இம்முறை ஊசிப் பரிசோதனையில் ஒட்டுண்ணி அகப்படாமல் போனாலும், ஆறு மாதம் கழித்துச் சிறுநீரையும் இரத்தத்தையும் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.